அத்தியாயம் 6: சீட்டில் எழுதுவதும் பேரேட்டில் எழுதுவதும்

அரசு மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு ஓபி சீட்டு தெரியும். முதல் கவுன்டரில் பெயரும் வயதும் எழுதி ஒரு சீட்டு தருவார்கள். டாக்டர் அதில் ரத்தப் பரிசோதனை என்று எழுதினால் அதை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போக வேண்டும். அங்கே முடிந்ததும் மருந்து கொடுக்கும் ஜன்னல். எந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கும் நம்மைத் தெரியாது. முந்தைய ஜன்னலில் என்ன நடந்தது என்பதும் தெரியாது. கையில் நீட்டும் சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்குத் தெரியும். சீட்டைத் தொலைத்துவிட்டால் மறுபடி முதல் வரிசை.

இணையதளமும் இப்படித்தான் நடக்கிறது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கிறார், சர்வர் கொடுக்கிறது, அத்துடன் அந்த உறவு முடிந்தது. அடுத்த சொடுக்கில் அதே வாசகர் வந்து நின்றாலும் சர்வருக்கு அவர் புது ஆள். ஆகவே பட்டியலிலிருந்து புத்தகத்துக்கும், புத்தகத்திலிருந்து கூடைக்கும், கூடையிலிருந்து பணம் கட்டும் இடத்துக்கும் போகும்போது தேவையான தகவலைப் பிரவுசர்தான் ஏதோ ஒரு வடிவில் சுமந்து வர வேண்டும்.

அந்தச் சீட்டு பயணம் செய்வது வாசகரின் கையில். அவர் அதைப் படிக்கலாம், நகலெடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், பேனாவால் திருத்தவும் செய்யலாம். இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு லிங்கை யாருக்கும் அனுப்பலாம், புத்தகத்தில் அச்சிடலாம், பத்து வருடம் கழித்துத் திறந்து பார்க்கலாம் என்ற சுதந்திரம் இதனால்தான் கிடைத்தது. ஆனால் மாறக் கூடாத உண்மை எதுவோ அது மருத்துவமனையின் பேரேட்டில், அதாவது நம் சர்வரின் தரவுதளத்தில், இருக்க வேண்டும். சீட்டில் அதன் எண் மட்டும் இருந்தால் போதும். எதைச் சீட்டில் எழுதுவது, எதைப் பேரேட்டில் எழுதுவது என்று பிரிக்கத் தெரிந்தவர் கட்டும் தளம் உடையாது.

இந்த அத்தியாயத்தில் ஒரு புத்தகக் கடைக்குத் தளம் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று முகவரிகளைத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன். உங்கள் நிரலில் வகை, பக்கம் போன்ற பெயர்களைச் சின்ன ஆங்கிலச் சொற்களாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சற்று நேரத்தில் புரியும்.

முகவரியைப் பிரித்துப் படித்தல்

நாவல்களை விலை வரிசையில் பார்த்துக்கொண்டே ஒரு வாசகர் மூன்றாம் பக்கத்துக்கு வந்திருக்கிறார். மேலே முகவரிப் பட்டையில் இது தெரியும்:

/புத்தகங்கள்?வகை=நாவல்&வரிசை=விலை&பக்கம்=3

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது இடத்தின் பெயர். பின்னால் இருப்பவை ஜோடிகள்: சமக்குறிக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. ஒரு ஜோடியையும் அடுத்த ஜோடியையும் & குறி பிரிக்கிறது. முகவரியில் கேள்விக்குறிக்கும் # குறிக்கும் என்ன வேலை என்று வகுத்திருக்கும் ஆவணம் 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986. அதை எழுதிய மூவரில் ஒருவர் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ. பெயரும் மதிப்புமாக ஜோடி சேர்க்கும் பழக்கம் எச்டிஎம்எல் ஃபார்ம்களிலிருந்து வந்தது.

எதைக் கேள்விக்குறிக்கு முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது? எந்தப் பொருள் என்பதை முன்னால் வையுங்கள். அதை எப்படிப் பார்ப்பது என்பதைப் பின்னால் வையுங்கள். /புத்தகம்/412 என்றால் 412-ஆம் புத்தகம். வரிசை, பக்கம், வடிகட்டல் எல்லாம் பின்னால். பின்னால் இருப்பதை மொத்தமாக வெட்டி எறிந்தாலும் பக்கம் ஒழுங்காகத் திறக்க வேண்டும்.

# குறிக்குப் பிறகு வருவது சர்வருக்குப் போவதே இல்லை. பிரவுசர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பக்கத்தில் அந்த இடத்துக்கு இறங்கப் பயன்படுத்துகிறது. சர்வர் பக்கம் நிரல் எழுதும் புதியவர்கள் # குறிக்குப் பின்னால் எதையோ அனுப்பிவிட்டு, வரவில்லையே என்று மணிக்கணக்கில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தகவலை முகவரியில் வைக்கலாமா என்று சந்தேகம் வரும்போது நான் செய்வது ஒன்றே ஒன்று. அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் என் தங்கைக்கு அனுப்புவதாக நினைத்துப் பார்ப்பேன். அவள் திறந்தால் நான் பார்த்த அதே நாவல் பட்டியல், அதே வரிசையில், அதே மூன்றாம் பக்கம் வர வேண்டும். என்னுடைய ஆர்டர் விவரம் அவளுக்குத் தெரிந்தால் அது ஆபத்து. வெறும் முகப்புப் பக்கம் வந்தால் அதுவும் தவறுதான். இந்த இரண்டாவதைப் பலர் தவறாகவே எண்ணுவதில்லை. வடிகட்டலையும் வரிசையையும் ஜாவாஸ்கிரிப்ட்டின் நினைவில் மட்டும் வைத்துவிட்டு முகவரியை மாறாமல் விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடம் தேடி ஒரு பட்டியலுக்கு வந்து சேர்ந்தவர், அதை இன்னொருவருக்குக் காட்ட வழியில்லாமல் திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. வாசகரின் உழைப்பை மதிக்கிற தளம் அப்படிச் செய்யாது.

தமிழ் முகவரிக்குள் நுழையும்போது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடும். நமக்கு அது முடியாது.

முகவரிக்குள் நேரடியாகப் போகக்கூடியவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும்தான். மற்ற எழுத்துகளை முதலில் யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி, ஒவ்வொரு பைட்டையும் ஒரு % குறியும் இரண்டு இலக்கமுமாக எழுத வேண்டும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் எடுக்கும். அப்படியானால் முகவரியில் ஒன்பது எழுத்து. மதுரை என்ற சொல்லில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து குறியீடுகள். முகவரிக்குள் அது 45 எழுத்துகள் ஆகிறது. முகவரிப் பட்டையில் பிரவுசர் அழகாக மதுரை என்றே காட்டும். நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினால்தான் அந்த நீண்ட % வரிசை வெளியே வரும்.

முகவரி எவ்வளவு நீளம் போகலாம்? குறைந்தது 8000 பைட் வரையாவது எல்லாரும் ஏற்கும்படி இருக்க வேண்டும் என்று 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110 பரிந்துரைக்கிறது. ஆங்கிலத்தில் அது 8000 எழுத்து. தமிழில் 900 குறியீடுகூடத் தேறாது. அதனால்தான் பெயர்களைச் சின்ன ஆங்கிலச் சொல்லாக வைக்கச் சொன்னேன். நிலையான வகைகளுக்கு எண்ணோ குறுஞ்சொல்லோ போதும். வாசகர் தானே தட்டச்சு செய்த தேடல் சொல்லைத் தமிழில் அப்படியே அனுப்புங்கள். அது அவருடைய சொல்.

அடுத்தது, மதிப்புக்குள்ளேயே பிரிப்புக் குறி வந்துவிடும் சிக்கல். நம் கடையில் “கதை & கவிதை” என்று ஒரு வகை இருக்கிறது. லிங்கை நீங்களே சொற்களை ஒட்டிக் கட்டினால் இப்படி ஆகும்:

/புத்தகங்கள்?வகை=கதை & கவிதை

சர்வர் & குறியைக் கண்டதும் அந்த ஜோடி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். வகை என்பது “கதை” ஆகிவிடும். கவிதை, மதிப்பே இல்லாத இன்னொரு பெயராக அநாதையாக நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. கதைப் புத்தகங்கள் மட்டும் வரும். கவிதை கேட்டவர் இந்தக் கடையில் கவிதை இல்லை என்று போய்விடுவார். மதிப்புக்குள் வரும் & குறியை %26 என்று எழுதினால் இது நேராது.

கூட்டல் குறியின் கதை இன்னும் மோசம். ஃபார்ம்களிலிருந்து வரும் தரவில் இடைவெளியைக் கூட்டல் குறியாக எழுதுவது பழைய வழக்கம். ஆகவே படிக்கும் பக்கத்தில் கூட்டல் குறி இடைவெளியாக மாறிவிடும். “சி++” என்று தேடுபவருக்கு “சி” என்ற எழுத்தும் இரண்டு வெற்றிடமும் போய்ச் சேரும். +91 என்று தொடங்கும் கைபேசி எண், இடைவெளியும் 91-உமாக வந்து சேர்ந்து, எண் தவறு என்று திருப்பி அனுப்பப்படும். என் முதல் தளத்தில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பதிவு செய்ய முடியவில்லை என்று புகார் வந்துகொண்டே இருந்தது. உள்ளூர்க்காரர்கள் யாரும் +91 போட்டு எழுதுவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: லிங்கைக் கையால் ஒட்டிக் கட்டாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் யூஆர்எல்-சர்ச்-பராம்ஸ் என்ற கருவி இருக்கிறது. பெயரையும் மதிப்பையும் அதனிடம் கொடுத்தால் குறிகளை அதுவே மாற்றித் தரும். பிஎச்பி, பைத்தான் எல்லாவற்றிலும் இதற்கு இணையானது உண்டு. ஒரே ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மாற்றியதையே மறுபடி மாற்றினால் % குறியே %25 ஆகிவிடும். முகவரியில் வரிசையாக %25 தென்பட்டால், எங்கோ இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள் என்று பொருள்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. “கொ” என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது இன்னொரு வழி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு சொற்கள். கொடைக்கானல் என்பது முதல் வழியில் முகவரிக்குள் 99 எழுத்து, இரண்டாவது வழியில் 108 எழுத்து. ஒரு விசைப்பலகையில் அடித்த கொடைக்கானலை இன்னொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். லிங்கிலிருந்து வரும் எந்தத் தமிழ்ச் சொல்லையும் ஒப்பிடும் முன் என்எஃப்சி என்ற, சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு அதைச் செய்யும். தரவுதளத்தில் சேமிக்கும்போதும் அதே வடிவம். தமிழ்த் தளம் கட்டுபவர் ஒருவர்கூட இதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

லிங்க் கேட்கும், பட்டன் செய்யும்

பிரவுசர் சர்வரிடம் பேசும் முறைகளில் நமக்கு அன்றாடம் வேண்டியவை இரண்டு: கெட், போஸ்ட். லிங்கைச் சொடுக்கினால் எப்போதும் கெட். ஃபார்மில் போஸ்ட் என்று குறிப்பிட்டுப் பட்டனை அழுத்தினால் போஸ்ட். கெட் முகவரியில் தரவைச் சுமக்கும்; போஸ்ட் முகவரிக்கு வெளியே, உள்ளுறையில் வைத்து அனுப்பும். பல பாடங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. உண்மையான வித்தியாசம் பொருளில் இருக்கிறது. கெட் என்பது “காட்டு”. போஸ்ட் என்பது “செய்”. காட்டு என்று எத்தனை முறை கேட்டாலும் பேரேட்டில் ஒரு வரியும் மாறக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கெட் கேட்பது மனிதர் மட்டும் இல்லை. 2005 மே மாதம் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்பதற்காக, வாசகர் பார்க்கும் பக்கத்தில் உள்ள லிங்குகளை அவர் சொடுக்கும் முன்பே அது திறந்து எடுத்து வைத்துக்கொள்ளும். சில இணையச் செயலிகளில் “அழி” என்பதும் சாதாரண லிங்காக இருந்தது. மென்பொருள் அதையும் திறந்தது. பயனர்கள் எழுதி வைத்தவை அவர்கள் தொடாமலே அழிந்தன. நெறிமுறையின்படி அந்த மென்பொருள் செய்தது சரி. லிங்கைத் திறப்பதால் எதுவும் மாறாது என்று நம்ப அதற்கு உரிமை இருந்தது.

இன்று இது குறையவில்லை, கூடியிருக்கிறது. அரட்டைச் செயலியில் ஒரு லிங்கை ஒட்டினாலே முன்னோட்டப் படத்துக்காக அது திறக்கப்படுகிறது. அலுவலக மின்னஞ்சல் காவல் மென்பொருள்கள், உள்ளே வரும் மடலில் உள்ள லிங்குகளை ஆபத்தானவையா என்று திறந்து பார்க்கின்றன. “சந்தாவை நிறுத்த இங்கே சொடுக்குங்கள்” என்ற லிங்க் திறந்ததுமே வேலையை முடித்துவிடுவதாக இருந்தால், மடலைப் படிக்காதவரின் சந்தாவும் நின்றுபோகும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 2017-இல் ஆர்எஃப்சி 8058 வந்தது. ஒரே சொடுக்கில் சந்தாவை நிறுத்துவதானாலும் அது போஸ்ட் வழியாகத்தான் போக வேண்டும் என்று அது வகுத்தது. நம் கடையிலும் அப்படியே செய்யுங்கள். மடலில் உள்ள லிங்க் ஒரு பக்கத்தை மட்டும் காட்டட்டும். அந்தப் பக்கத்தில் உள்ள பட்டன் வேலையைச் செய்யட்டும். கடவுச்சொல் மாற்றும் லிங்குக்கும் இதே வழி.

பட்டனை அழுத்தி ஆர்டர் போய்விட்டது. பிறகு? சர்வர் உடனே “நன்றி” பக்கத்தை அனுப்பினால் ஒரு பொறி காத்திருக்கிறது. வாசகர் அந்தப் பக்கத்தில் ரிஃப்ரெஷ் செய்தால் பிரவுசர் அதே போஸ்ட்டை மறுபடி அனுப்பலாமா என்று கேட்கும். அந்தக் கேள்வியின் பொருள் பெரும்பாலானவர்களுக்குப் புரியாது. சரி என்று அழுத்துவார்கள். இன்னொரு ஆர்டர் போய்விடும். நான் பராமரித்த ஒரு சிறிய கடையின் தளத்தில் புத்தகக் காட்சி சமயத்தில் இது நடந்தது. நெட் மெதுவாக இருந்ததால் ஒரே வாசகருக்கு ஒரே நாவல் நான்கு பிரதி கட்டி அனுப்பியிருந்தார்கள். அவர் மூன்றைத் திருப்பி அனுப்பத் தன் கைக்காசு செலவழித்தார். அந்த நிரலை எழுதியவன் நான்.

தீர்வு எளியது. ஆர்டரைப் பேரேட்டில் பதிந்ததும் பக்கத்தை அனுப்பாமல், 303 என்ற பதிலோடு /ஆர்டர்/9021 என்ற முகவரிக்குப் போகச் சொல்லுங்கள். பிரவுசர் அந்த முகவரியைக் கெட் வழியாகத் திறக்கும். இனி எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் ஆர்டரைக் காட்டும், அவ்வளவுதான். பட்டனை இரண்டு முறை தட்டுபவருக்கு இன்னொரு பாதுகாப்பும் தேவை. ஃபார்மைக் காட்டும்போதே அதற்குள் தற்செயலான ஒரு எண்ணை வைத்து அனுப்புங்கள். அதே எண்ணோடு இரண்டாவது முறை வந்தால் புது ஆர்டர் போடாமல் பழைய ஆர்டரையே காட்டுங்கள். பட்டனை அழுத்தியதும் அதை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நெட் அறுந்து பிரவுசர் தானே மறுபடி முயலும்போது மங்கலான பட்டன் உதவாது.

மற்றவரின் தளத்திலிருந்து வரும் தாக்குதலுக்கும் இந்தப் பிரிவினை உதவுகிறது. யாரோ ஒருவர் தன் பக்கத்தில் உங்கள் கடையின் “கூடையைக் காலி செய்” முகவரியை ஒளித்து வைத்திருக்கலாம். உங்கள் வாடிக்கையாளர் அங்கே போனதும் அவருடைய பிரவுசர் அந்த முகவரியை அவருடைய குக்கீயோடு (இவர் யார் என்று தளத்துக்குச் சொல்ல, பிரவுசர் தானே இணைத்து அனுப்பும் சின்னக் குறிப்பு) திறக்கும். 2020-இல் குரோம், வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்களுக்குக் குக்கீயை அனுப்பாமல் நிறுத்துவதை இயல்பாக்கத் தொடங்கியது. ஆனால் சாதாரண லிங்கைச் சொடுக்கி வந்தால் குக்கீ கூடவே வரும். வராவிட்டால் எங்கிருந்து வந்தாலும் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். மாற்றம் செய்யும் வேலையை லிங்கில் வைத்தவருக்கு அந்தக் காவலால் பயனில்லை.

பின்னால் போகும் அம்புக்குறி

பக்கத்தை மறுபடி ஏற்றாமலே பட்டியலை மாற்றும் தளங்களில் முகவரியை நாமே மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு கருவிகள்: புஷ்ஸ்டேட், ரிப்ளேஸ்ஸ்டேட். முதலாவது பிரவுசரின் வரலாற்றில் புது வரி சேர்க்கும். இரண்டாவது இருக்கும் வரியையே திருத்தும். வாசகர் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வந்ததாக உணர்ந்தால் புஷ்ஸ்டேட். தேடல் பெட்டியில் எழுத்து எழுத்தாக அடிக்கும்போது பட்டியல் மாறினால் ரிப்ளேஸ்ஸ்டேட். இதை மாற்றிச் செய்தால் பொன்னியின் செல்வன் என்று அடித்தவர் திரும்பிப் போக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை அம்புக்குறியை அழுத்த வேண்டியிருக்கும். பின்னால் போகும்போது பாப்ஸ்டேட் என்ற நிகழ்வு வரும். முகவரியை மறுபடி படித்துப் பட்டியலை அதற்கேற்ப வரையுங்கள்.

இன்றைய பிரவுசர்கள் விட்டுவந்த பக்கத்தை அப்படியே உறைய வைத்து நினைவில் வைத்திருக்கும். அம்புக்குறியை அழுத்தினால் சர்வரைக் கேட்காமலே அதை எடுத்துக் காட்டும். வேகம் நல்லதுதான். ஆனால் கூடையில் புத்தகம் சேர்த்துவிட்டுப் பின்னால் வந்தவருக்குக் கூடை காலியாகத் தெரியும். பேஜ்ஷோ என்ற நிகழ்வில் இது நினைவிலிருந்து எடுத்த பக்கமா என்று கேட்டறிந்து, கூடை எண்ணிக்கையை மட்டும் புதுப்பித்துவிடுங்கள்.

சீட்டைத் திருத்துபவர்

2019 மே மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் ஒரு செய்தி வெளியிட்டார். அமெரிக்காவில் சொத்துரிமைக் காப்பீடு செய்யும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல் என்ற பெரிய நிறுவனம், தன் தளத்தில் உள்ள, வீடு வாங்கியவர்களின் ஆவணங்களுக்கு லிங்க் அனுப்பி வந்தது. முகவரியில் ஆவணத்தின் எண் இருந்தது. அந்த எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றினால் முன்பின் தெரியாத ஒருவரின் ஆவணம் திறந்தது. உள்நுழைவு கேட்கவில்லை. 2003 வரை பின்னோக்கிப் போன சுமார் 88.5 கோடி ஆவணங்கள் இப்படித் திறந்து கிடந்தன. வங்கிக் கணக்கு எண்கள், வரி ஆவணங்கள், ஓட்டுநர் உரிமத்தின் படங்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. எந்தப் பூட்டையும் யாரும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

நம் /ஆர்டர்/9021 முகவரியிலும் அதே அபாயம் இருக்கிறது. வாசகர் 9022 என்று மாற்றிப் பார்ப்பார். ஆர்வத்தினால்கூட மாற்றுவார். எண்ணை ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக் கோவையாக ஆக்குவது நல்லதுதான், ஆனால் அது திரைச்சீலை, கதவு இல்லை. கதவு என்பது சர்வரில் எழுதும் ஒரு வரி: இந்த ஆர்டர் இப்போது உள்நுழைந்திருப்பவருடையதா? ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு பக்கத்திலும் கேட்க வேண்டும்.

ஃபார்மில் மறைத்து வைக்கும் புலங்களையும் இதே கண்ணால் பாருங்கள். மறைந்த புலம் திரையில் தெரியாது. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் தெரியும், மாற்றவும் முடியும். புத்தகத்தின் விலையை அங்கே வைத்து, திரும்பி வரும் விலைக்கே பில் போட்ட நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். 450 ரூபாயை 4 ரூபாய் ஆக்க யாருக்கும் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தின் எண் மட்டும் வரட்டும். விலையைப் பேரேட்டிலிருந்து எடுங்கள்.

முகவரியில் வைத்தவை எங்கெல்லாம் தங்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் அவசியம். பிரவுசரின் வரலாறு, சர்வரின் பதிவேடு, வழியில் உள்ள அலுவலக நெட்வொர்க் கருவிகள். வாசகர் அடுத்து வேறு தளத்துக்குப் போனால், எங்கிருந்து வருகிறார் என்பதையும் பிரவுசர் ரெஃபரர் என்ற தலைப்பில் சொல்லும். 1996-இல் எழுதிய நெறிமுறை ஆவணத்தில் அந்த ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டது; அந்தப் பிழையோடுதான் இன்றும் அது ஓடுகிறது. முன்பு முழு முகவரியும் அடுத்த தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2020-இல் குரோமும் 2021-இல் ஃபயர்ஃபாக்ஸும் தளத்தின் பெயரை மட்டும் அனுப்புவதை இயல்பாக்கின. அதை நம்பி, உள்நுழைவு அடையாளத்தையோ கடவுச்சொல்லையோ முகவரியில் வைத்துவிடாதீர்கள். அவற்றின் இடம் குக்கீ. 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி குக்கீயை உருவாக்கியதே கடைக் கூடையை நினைவில் வைக்கத்தான். குக்கீயிலும் கூடையை முழுதாக வைக்க வேண்டாம், ஏறக்குறைய 4 கிலோபைட்தான் அதன் கொள்ளளவு. பேரேட்டில் உள்ள கூடையின் எண் மட்டும் போதும். உள்நுழையாத வாசகர் பாதி நிரப்பிய ஃபார்மைக் காப்பாற்ற செஷன்ஸ்டோரேஜ் நன்றாக இருக்கும். அதில் வைத்தது அந்தத் தாவலோடு முடிந்துவிடும்.

பணம் வரும் வழி

டீக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் யுபிஐ கியூஆர் கட்டமும் ஒரு லிங்க்தான். அதற்குள் யுபிஐ என்று தொடங்கும் முகவரியும், கேள்விக்குறியும், பெறுபவரின் ஐடி, பெயர் என்று ஜோடிகளும் இருக்கின்றன. ஒட்டிய தாளில் தொகை இருக்காது, நாம் அடிக்கிறோம். பெரிய கடையில் திரையில் காட்டும் கட்டத்தில் தொகையும் ஒரு ஜோடியாக வரும். நம் தளமும் இப்படி ஒரு லிங்கைக் கட்டி வாசகரைப் பணம் கட்டும் செயலிக்கு அனுப்பலாம்.

கவனம் தேவைப்படுவது திரும்பி வரும் வழியில். பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் கட்டி முடித்தவரின் பிரவுசர் நம் தளத்துக்கு இப்படித் திரும்பும்:

/கட்டணம்?ஆர்டர்=9021&நிலை=வெற்றி

இதை நம்பிப் புத்தகத்தைக் கட்டி அனுப்பினால், அந்த முகவரியைத் தட்டச்சு செய்யத் தெரிந்த எல்லாருக்கும் புத்தகம் இலவசம். அதனால் கேட்வேக்கள் கூடவே ஒரு முத்திரையும் அனுப்புகின்றன. நமக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியோடு தரவைக் கலந்து கணக்கிடும் எச்மேக் என்ற முறை அது. 1997-இலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. தரவில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. நாமும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். தொகை நம் பேரேட்டில் உள்ள தொகைதானா என்றும் பார்க்க வேண்டும். அதோடு, பணம் கட்டியவர் திரும்பி வருவதற்குள் கைபேசி அணைந்து போகலாம். ஆகவே கேட்வேயின் சர்வர் நம் சர்வருக்கு நேராக அனுப்பும் செய்தியையே முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் கொண்டுவருவதை வைத்து நன்றி மட்டும் சொல்லலாம்.

தளம் தயாரானதும் மூன்று காரியம் செய்து பாருங்கள். தேடல் பெட்டியில் “கதை & கவிதை”, “சி++”, கொடைக்கானல் மூன்றையும் இட்டு, வரும் முகவரியை நகலெடுத்து இன்னொரு கைபேசியில் திறந்து பாருங்கள். ஒரு சோதனை ஆர்டர் போட்டு, அடுத்த பக்கத்தில் ஐந்து முறை ரிஃப்ரெஷ் செய்து, பேரேட்டில் எத்தனை வரி விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு இரண்டு பிரவுசர்களில் இரண்டு பேராக உள்நுழைந்து, முதலாமவரின் ஆர்டர் முகவரியை இரண்டாமவரிடம் ஒட்டுங்கள். “இப்படி ஒரு ஆர்டர் இல்லை” என்ற பதில் அங்கே வர வேண்டும்.